இமை மூடாத வெளிச்சம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மா, தம்பி, நான் மூவரும் சுகம், உன் சுகத்தை மட்டும் இந்தத் தடவை ஒரு கண் டாக்டர் சொல்லித்தான் நம்புவேன். கோபப்படாதே, போனில் கேட்டால் ஒண்ணுமில்லப்பா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம். தம்பி இதைப் படம் பிடித்து இப்போதே உனக்கு அனுப்புவான். அவனுக்கு அச்சகத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது, அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவன் தன் வேலை உத்தரவைக் காட்டினபோது நீ முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு படித்தாய். ஆராய்ச்சி பண்ணப் போனவளுக்கு ஒய்யாரத்தைப் பாரு என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரும்பலகையை அப்படித் திரும்பிப் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேரை முதல் பெஞ்சுக்கு மாற்றியிருக்கிறேன். துருவிக் கேட்ட பிறகு சொன்னாய், லேசரைச் சரிசெய்யும்போது பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றினேன், மோதிரத்துல பட்டுத் தெறிச்சிருக்கும், ஒரு நொடிதான், வலிகூட இல்ல, இடது கண்ணுல லேசா மங்கல், அவ்வளவுதான் என்று.

என் வகுப்பில் தூங்குமூஞ்சி என்று பேர் வாங்கினவள் இப்போது கண் டாக்டர், அவளிடம் ஓடினேன். வலிக்கலைன்னு சொல்றதுதான் சார் எனக்குப் பயமா இருக்கு என்றாள். கூசுகிற வெளிச்சமென்றால் இமை தானாக மூடிக்கொள்ளும், உன் லேசர் கண்ணுக்கே தெரியாத ஒளி, அதற்கு எந்த இமை மூடும்? விழித்திரை சுட்டுப்போனாலும் வலிக்காதாம், அங்கே விழுந்த ஓட்டையை மூளையே பூசி மறைத்துவிடுமாம். வகுப்பில் தூங்கின பையன் பக்கத்து நோட்டைப் பார்த்து நிரப்பி, முழுசா எழுதிட்டேன் சார் என்று நீட்டுவானே, அந்த மாதிரி. சுட்ட இடம் சரியாகுமா என்று கேட்டேன். சீக்கிரம் போகச் சொல்லுங்க சார் என்றாள்.

உன் வேலை எனக்குப் புரியாததில்லை. ஒளியை ஊசிமுனையாகக் குவித்து, தூசியைவிடச் சின்ன மணி ஒன்றைத் தண்ணீருக்குள் பிடித்து நிறுத்துகிறாய், நீரூற்றின் உச்சியில் பந்து விழாமல் நிற்பதுபோல. ஒளி இடுக்கி என்று நீ பேர் சொன்ன அன்று, புருவம் பிடுங்குற இடுக்கியையே தொலைக்கிறவ வெளிச்சத்துல இடுக்கி பிடிக்கிறாளா என்று அம்மா கேட்டாளே. ஆனால் யோசித்துப் பார், ஒளியைக் குவிக்க நீ லென்ஸ் வைக்கிறாய், கண்ணுக்குள் இருப்பதும் லென்ஸ்தான், அதுவும் உள்ளே வந்த ஒளியை விழித்திரையில் ஊசிமுனையாகக் குவித்துவிடும். அந்த மணி தொலைந்தால் குப்பியில் இன்னும் ஆயிரம் இருக்கும், கண்மணிக்கு உதிரி கிடையாது. விஷயம் தெரிந்தால் லேசர் அறையைப் பூட்டிவிடுவார்கள், ஆராய்ச்சிக் கட்டுரை தள்ளிப்போகும் என்று பேராசிரியரிடம் மறைக்கிறாய். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவார்களா? உனக்கடுத்து அந்த மேசையில் உட்காரும் பெண்ணும் கண்ணாடியைக் கழற்றுவாளே, அவளுக்கும் ஓர் அப்பா இருப்பான்.

தபாலில் ஒரு கட்டம் போட்ட கணக்குத் தாள் வரும், நடுவில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு புள்ளியையே பார். கோடு வளைந்தாலோ, கட்டம் காணாமல் போனாலோ அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு டாக்டரிடம் காட்டு. ஆனால் தாளுக்காகக் காத்திருக்காதே, இதைப் படித்ததும் கிளம்பு. திரும்பி வந்து பேராசிரியரிடம் சொல், மோதிரத்தையும் கழற்றி வை.

உனக்குக் கருத்து நிறைய இருக்கிறது, கண்ணும் கடைசிவரை கூட இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு,

உன் பதிலுக்குப் பயந்துகொண்டே காத்திருக்கும்
அப்பா

மறந்துவிட்டேன், தாளில் புள்ளி நடுவை விட்டுக் கொஞ்சம் விலகியிருக்கும். அதை உன் கண்ணின் குறை என்று நினைத்துவிடாதே, என் கை நடுங்கியது.