நாலு சில்லில் பொலிஸ் நிலையத்துக்கு

ஒக்டோபர் 13, திங்கள்

காலையில் வெயில். மூன்று மணிக்குப் பிறகு மழை. இடுப்பு வலி வழக்கம் போல.

ரொறன்ரோவிலிருந்து பெரியக்கா அனுப்பிய ஸ்கூட்டர் வந்து ஒன்பது நாள். நடக்க ஏலாதவர்கள் இருந்தபடியே ஓட்டும் மின்சார வண்டி. நாலு சில்லு, ஒரு கதிரை, முன்னால் கூடை. யாரோ வெள்ளைக்காரக் கிழவி பாவித்தது. கூடைக்குள் அவளுடைய ஒற்றைக் கையுறை கிடந்தது. எறிய மனமில்லை.

தம்பி சிவா கந்தோர் வேலை முடிந்து வந்து, சாப்பிட முன்னமே வண்டியின் கைநூலைத் தூக்கிவிட்டான். சார்ஜரின் அடியில் ஒரு சின்னச் சிவப்பு சுவிட்ச், 115 / 230, அங்கத்தைய மின்சாரத்துக்கு ஒன்று, எங்களுடையதுக்கு ஒன்று. முதல் நாளே அதைக் கவனித்து மாற்றியது அவன்தான். இல்லாவிட்டால் புகைந்திருக்கும். இன்று பற்றரி முனையில் பச்சை பூத்திருக்கிறது, கடல் காற்று என்றான். அப்பச்சோடாத் தண்ணியும் பழைய பல் பிரஷும் வைத்துத் தேய்த்து, துடைத்து, கிறீஸ் பூசினான். சோறு ஆறிப் போனது.

பிறகு ஒரு தாள் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினான்:

– ஏற முன், இறங்க முன் திறப்பைத் திருகிக் கழற்ற வேண்டும்.
– வேகக் குமிழ் ஆமைப் படத்தில். முயல் பக்கம் வேண்டாம்.
– ஏற்றத்தில் முன்னுக்குச் சாய வேண்டும். கல்விளிம்பில் நேராக ஏறவும். சரித்து ஏறினால் பிரளும்.
– பின்சில்லடி மஞ்சள் லீவர்: தளர்த்தினால் பிறேக் இல்லை. சரிவில் தொடவே கூடாது!!
– ஓடினாலும் ஓடாவிட்டாலும் பின்னேரம் சார்ச். பச்சை லைட் வரும்வரை பிடுங்கக் கூடாது.
– மழையில் கைபிடிப் பெட்டிக்குப் பொலித்தீன்.

ஐம்பத்திரண்டு வயதில் எனக்குச் சுவரில் சட்டம்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

மழை இல்லை. என்னிடம் படிக்கும் ரியூஷன் பிள்ளைகள் இரண்டு பேர்தான் வந்தார்கள். சோதனைகளுக்குப் பயந்து மற்றவர்களைத் தாய்மார் வெளியே விடவில்லையாம்.

பின்னேரம் லேன் முனைவரை ஓட்டம். சிவா பக்கத்தில் நடந்து வந்தான், மாட்டைக் கொண்டுபோகிறவன் மாதிரி. "அக்கா மெதுவா. அக்கா குழி. அக்கா விரலை எடுங்கோ, தானா நிக்கும்." எதிரே வந்த இரண்டு பெண்கள், "பாவம், மனுசன் பெண்சாதியை எவ்வளவு பாசமாப் பாக்கிறார்." சி. வெட்கத்தில் பத்தடி தள்ளி நடந்தான். அந்தப் பத்தடிதான் இந்த வருடத்தில் நான் தனியே போன தூரம்.

வீட்டுக்கு வந்து சண்டை. நாளைக்கு நான் தனியாக மார்க்கெட் போகிறேன் என்றேன்.

"பஸ் ஓடுற காலி வீதியிலை தனிய? செக் பொயின்றிலை மறிச்சா என்ன செய்வியள்?"

"உன்னை மறிக்கிற மாதிரி என்னையும் மறிப்பாங்கள்."

"எனக்குக் கால் இருக்கக்கா."

சொன்ன பிறகுதான் அவனுக்கு விளங்கியது. எனக்கு மூன்று வயதில் போலியோ. இவன் பிறக்க முன்னமே இந்தக் கால் இப்படித்தான். இவன் வாயால் அதை ஒருநாளும் கேட்டதில்லை.

அறைக்குள்ளிருந்து கேட்டான்: "சார்ச் போட்டாச்சா?"

ஓம் என்றேன். போடவில்லை. அவன் சொன்ன ஒன்றையும் செய்யக் கூடாது போல இருந்தது.

ஒக்டோபர் 15, புதன்

விடிய ஐந்தரைக்குக் கதவில் தட்டு. ஆமியும் பொலிசும் சுற்றிவளைப்பு. முழு லேனும்.

வந்தவர்கள் மூன்று பேர். ஸ்கூட்டர் கதிரையைத் தூக்கினார்கள். இரண்டு பற்றரியும் சிவப்பு வயரும். ஒருவன் குண்டோ என்று இரண்டடி பின்னுக்குப் போனான். "மொகக்த மே?" என்ன இது என்றான். சி. சிங்களத்தில் விளங்கப்படுத்தினான், கைநூலில் படத்தைக் காட்டினான். அது தீர்ந்தது. சிக்கியது பொலிஸ் பதிவில். தமிழர் வீடு மாறினால் பொலிசில் பதிய வேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து இங்கே வந்து மூன்று மாதம். என் பெயர் பதிந்தாகிவிட்டது. அவன் பெயர் இன்னும் பழைய விலாசத்தில். லீவு கிடைக்கவில்லை, நாளைக்கு, நாளைக்கு என்று விட்டது.

"ஒரு வாக்குமூலந்தான். பத்து மணிக்கு விட்டிடுவாங்கள்," என்றான், சப்பாத்துக் கட்டியபடி. பஸ்ஸில் ஏற்றினார்கள். பதினைந்து பேரளவில்.

பத்து. பதினொன்று. பன்னிரண்டு. இன்று போனும் வேலை செய்யவில்லை.

வழக்கமான த்ரீவீலர்காரர்: "இண்டைக்கு அந்தப் பக்கம் ஏலாதம்மா, குறை நினைக்காதேங்கோ." மேல்மாடியில் வீட்டுக்காரி மாலனி. எட்டிப் பார்த்து, பொறுத்திருங்கள், வந்துவிடுவார் என்றார் சிங்களத்தில். அவருடைய மகன் ஆமியில், வவுனியாவில். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பற்றரி முள் பாதியில். என் பிழைதான். நேற்று இரவு மட்டும் அந்த வயரைச் செருகியிருந்தால்.

போனேன். பொலிஸ் நிலையத்துக்கு, ஆமை வேகத்தில், தனியே. பஸ்கள் உரசிக்கொண்டு போயின. பயப்பட நேரமிருக்கவில்லை. இடுப்பு வலிதான்.

சோதனைச்சாவடியில் சிப்பாய் கையைக் காட்டினான். இறங்கச் சொன்னான். "மட்ட அவிதின்ன பே," நடக்க ஏலாது என்றேன். அவன் ஒரு பொலிஸ் பெண்ணைக் கூப்பிட்டான். அவள் என்னைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். அவன் கதிரையைக் கழற்றினான், வயரைக் கண்டான், வேறொருவனைக் கூப்பிட்டான், அவன் இன்னொருவனை. கால் மணித்தியாலம். என் பாரம் முழுக்க அந்தப் பெண்ணின் தோளில். அவளுக்கு மூச்சு வாங்கியது. "இன்னும் எவ்வளவு நேரம் சேர்?" என்று இரண்டு தரம் கேட்டாள். என் மேல் கோபமா, அவர்கள் மேலா, தெரியவில்லை. பஸ்ஸிலிருந்து ஆட்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பொலிஸ் நிலையத்தில் மர வாங்கில் இரண்டு மணித்தியாலம் இருந்தேன். சி. உள்ளேதான் இருக்கிறான் என்று மட்டும் சொன்னார்கள். எங்கள் வீட்டில்தான் இருக்கிறான் என்று வீட்டுக்காரரின் கடிதம் வேண்டும். நாளைக்கு வா.

திரும்பும்போது முள் சிவப்பில். எங்கள் லேன் வாசலில் வண்டி நின்றது. அசையவில்லை. லொத்தர் சீட்டு விற்கும் பெண் ஒருத்தி, "அக்கே, நான் தள்ளிவிடுறன்" என்று வந்தாள். தள்ள வேண்டுமென்றால் மஞ்சள் லீவரைத் தளர்த்த வேண்டும். குனிந்து தளர்த்தினேன். களைப்பில் ஒன்றும் யோசிக்கவில்லை. லேன் கடல் பக்கம் சரிகிறது. நாலு வீடு தாண்டியதும் அவளுடைய செருப்பு அறுந்தது, கை விட்டுப் போனது, வண்டி உருண்டது. விரலை எடுத்தேன். நிற்கவில்லை. எடுத்தால் நிற்கும் வண்டி நிற்கவில்லை. கீழே தண்டவாளம். புதுத் தொடர்மாடி கட்டுகிற இடத்தில் மணல் குவியல். அதற்குள் திருப்பினேன்.

முழங்கை தோல் போனது. வலது மணிக்கட்டு வீக்கம். அந்தப் பெண் ஓடிவந்து, என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் அழவில்லை. லீவரைத் திருப்பிப் போட்டுவிட்டு அப்படியே இருந்தேன். பிறகு வேலையாட்கள் நாலு பேர் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள்.

சார்ச் போட்டாச்சு.

ஒக்டோபர் 16, வியாழன்

மழை. கைபிடிக்குப் பொலித்தீன். பச்சை லைட் கண்ட பிறகே பிடுங்கினேன்.

மாலனி கடிதம் தந்தார், கதவிடுக்கால். சோதனைச்சாவடியில் வேறு சிப்பாய், மீண்டும் முதலிலிருந்து. இம்முறை பிடித்து நிறுத்தவும் ஆளில்லை. மண் மூட்டையில் இருத்தினார்கள்.

பொலிசில் கடிதத்தைப் பார்த்துவிட்டு: வீட்டுக்காரர் நேரில் வர வேண்டும்.

சி.க்குக் கொண்டுபோன பாணும் சம்பலும் வாங்கினார்கள். கொடுத்தார்களா தெரியாது. அவன் கந்தோருக்குப் போன் பண்ணிக் காய்ச்சல் என்றேன். அவர்களும் நம்பினதுபோல் கதைத்தார்கள்.

வீட்டில் சார்ஜரை இடது கையால் செருகப் பார்த்தேன், மூன்று தரம் தவறியது. மாலனி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் உதவி கேட்கவில்லை. மேலே ஏறிப் போனார்.

பெரியக்கா போன். சி. நித்திரை என்று சொன்னேன். பொய் சொல்லவும் களைப்பு.

ஒக்டோபர் 17, வெள்ளி

எட்டு மணிக்கு மாலனி கீழே வந்தார். சாரி கட்டி, குடை, கைப்பை, வீட்டு உறுதிப் பத்திரம். "யமு," போவோம் என்றார். அவ்வளவுதான்.

நான் வண்டியில், அவர் பக்கத்தில் நடந்து. அறுபத்தாறு வயது. சாவடியில் அவர் வாயைத் திறந்ததும் கதிரையை ஒருவரும் கழற்றவில்லை. எனக்கு ஆறுதலும் எரிச்சலும் ஒன்றாக.

உள்ளே மேசைக்குப் பின்னாலிருந்தவர் கேட்டார்: மகன் ஆமியில், நீங்கள் இவர்களுக்குக் கையெழுத்தா?

மாலனி: "இவர்கள் என் வீட்டில் இருக்கிறார்களா என்றுதானே கேட்டீர்கள்? இருக்கிறார்கள்."

பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

நாலு மணிக்குச் சி.யை விட்டார்கள். தாடி, அதே சேர்ட். என்னையும் வண்டியையும் பார்த்தான், மணிக்கட்டைப் பார்த்தான். மூன்று பேருமாக வீடு. மாலனியின் குடையை வாங்கி அவருக்கே பிடித்து வந்தான்.

ஒக்டோபர் 18, சனி

மூட்டம். சி. முழுநாளும் நித்திரை. சாப்பிடவில்லை. நான் இருமினாலும் திடுக்கிட்டு எழும்புகிறான். பதிவுப் பத்திரம் நிரப்பி வைத்தேன், அவன் கையெழுத்து மட்டும் மிச்சம்.

அடித்தார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினான். நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது.

மேலே மாலனிக்கு மகனிடமிருந்து போன் வந்திருக்கிறது போல. சிரிப்புச் சத்தம். கேட்க நல்லாயிருந்தது.

ஒக்டோபர் 19, ஞாயிறு

வெயில். தலையணை, பாய் வெளியே.

பின்னேரம் சி. வந்து என் கட்டிலில் இருந்தான். தானாகவே கதைத்தான்.

"பொலிசிலை மேல் அறையிலை வைச்சிருந்தவங்கள். இருபது பேர், கால் நீட்ட இடமில்லை. ஆள் மாறி ஆள் யன்னல் கம்பியடியிலை நிப்பம், காத்துக்கு. புதன்கிழமை என்ரை முறை வந்து நிக்கேக்கை, ரோட்டாலை நீங்கள் வாறியள்."

"கண்டனியா?"

"கண்டனான். வலப்பக்கத்தாலை வாறியள், எதிர்த்து பஸ் வருது. 'அக்கா, இடப்பக்கம் போங்கோ' எண்டு கத்தினனான். பக்கத்திலை நிண்டவர் என்ரை வாயைப் பொத்திப் போட்டார். சத்தம் போட்டா எல்லாருக்கும் அடி விழுமாம். அவரின்ரை கைக்குள்ளையே கத்திக்கொண்டு நிண்டனான்."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அன்று பஸ் சத்தம் மட்டும்தான்.

இடது பக்கம் திங்கள் மழைத் தண்ணி வடியாமல் நின்றது, அதுதான் அந்தப் பக்கம் போனேன் என்றேன்.

"அப்ப சரி," என்றான்.

தேத்தண்ணி கேட்டான். போட்டுக் கொடுத்தேன்.