ஒருத்தர் கைக்குத்தான் கிரேன் அசையும்

அன்புள்ள நைனா,

உன் ஷிஃப்ட் பஸ் இப்போதும் தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கிறது. அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, யாருக்கு என்று நினைத்தோ அணைத்துவிடுகிறாள். என்னோடு அவள் பேசுவதில்லை.

கும்மிடிப்பூண்டி உருக்காலையில் கிரேன் ஓட்டியவன் நீ. "கீழேர்ந்து ரெண்டு பேரு தூக்கு, எறக்குன்னு கை காட்னா வண்டிய அசைக்கவே மாட்டேன். ஒருத்தன் கைக்குத்தான் அசைப்பேன்" என்பாய்.

நுரையீரல் கெட்டு நீ ஐசியுவில் கிடந்தபோது வாயில் வென்டிலேட்டர் குழாய். அதைப் பிடுங்கிவிடாதபடி மணிக்கட்டுகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் தம்பி, இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். வலிக்குதா, தண்ணி வேணுமா, என்னைத் தெரியுதா? நீ கண்ணை மூடிக்கொண்டாய். "நெனவே இல்லக்கா" என்று தம்பி அழுதான். எனக்கு உன் கிரேன்தான் ஞாபகம் வந்தது.

இருவரையும் வெளியே அனுப்பினேன். நீ பார்க்கும்படி கால்மாட்டில் தனியாக நின்று கையைத் தூக்கினேன். கண்ணைத் திறந்தாய்.

"ஆமான்னா கட்டைவிரல தூக்கு நைனா. வேணாம்னா கைய மூடு."

குளிருதா? கட்டைவிரல். போர்வையை இழுத்துவிட்டேன். அதோடு வெளியே வந்திருக்கலாமா?

டாக்டர் எங்களிடம் கேட்டிருந்த கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. "தொண்டையில ஓட்டை போட்டு மெஷின அதுல மாட்டணுமாம். இன்னும் ரொம்ப நாளு இப்டியே இருக்கணுமாம். போடலாமா?"

நீ கையை மூடினாய். டாக்டர் வந்து அவரும் கேட்டார். மூடிய கை திறக்கவில்லை. தொண்டையில் அவர்கள் கத்தி வைக்கவில்லை. அந்த வாரமே நீ போய்விட்டாய்.

"நீ ஏண்டி கேட்ட? கேக்காம இருந்தா அந்த மனுசன் சொல்லியிருப்பாரா?" காரியம் முடிந்த அன்று அம்மா கேட்டாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. களைத்துப்போய் மூடினாயா? வெளியே நாற்காலியில் கிடந்த எங்களை நினைத்து மூடினாயா? எங்களுக்காகவா என்று அன்று நான் கேட்கவில்லை நைனா. பயமாக இருந்தது.

நீ இன்னொன்றும் சொல்வாய். "ஏத்தறதுக்கும் எறக்கறதுக்கும்தான் ஒருத்தன் கை. நிறுத்துன்னு எவன் காட்னாலும் நிறுத்திடணும்." அன்று நிறுத்து என்று காட்டியது நீ. அதைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களை ஓட்டுகிறேன்.

அம்மாவுக்கு ஒருநாள் அப்படி வந்தால், அவள் கால்மாட்டிலும் தனியாக நிற்பேன். பேசாத அம்மாவிடமும் கேட்பேன். கை என்ன காட்டுகிறதோ, அதைத்தான் வெளியே வந்து சொல்வேன்.

உன் கையைப் பார்த்தே வளர்ந்த
பெரிய பொண்ணு