விழுந்ததால் முறிந்ததா, முறிந்ததால் விழுந்தாளா

நவம்பர் 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. தி. நகரில் முழங்கால் தண்ணீர். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ். ஐம்பத்தொரு வயதில்.

இன்று 24 சார்ட். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்பைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் இன்ஷூரன்ஸுக்கான கோட் நம்பர் போடுவது என் வேலை. முடித்தது 19. ஒன்று தப்பென்று, எங்கள் வேலையைச் சரிபார்க்கும் ஆடிட்டரிடமிருந்து திரும்பி வந்தது.

தப்பு இதுதான். அமெரிக்காவில் ஓர் அம்மாள், வயது 68. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியவள். படுக்கையில் புரண்டபோது வலது இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. டாக்டர் எழுதியது "வலது இடுப்பு எலும்பு முறிவு". அவ்வளவே. நோயால் முறிந்தது என்பதற்கான கோட் நம்பரைப் போட்டேன். புரண்டு படுத்தால் நல்ல எலும்பு முறியுமா? ஆனால் எங்கள் தொழிலில் டாக்டர் எழுதாதது நடக்கவே இல்லை. புற்றுநோய் ஒரு வரியில், முறிவு அடுத்த வரியில் இருந்தாலும் இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு உரிமை கிடையாது. டாக்டருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். அதிலும் பதிலை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. "முறிவின் காரணத்தைத் தெளிவுபடுத்த முடியுமா?" இப்படித்தான்.

டீம் லீடர் பிரியா, என் வயதில் பாதி: "உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும் சார். ஆனா நீங்க டாக்டர் இல்லையே."

இல்லைதான். மெடிக்கல் சீட் அரை மார்க்கில் போனது. இன்னும் ஜீரணமாகவில்லை.

மாலை மாமா போன், அக்கா வீட்டுக்காரர். அக்கா சமையலறையில் விழுந்துவிட்டாளாம். இடது இடுப்பு. அடையாறில் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

நவம்பர் 12, புதன்

அரை நாள் லீவு. பிரியா முகம் சுளித்தாள்.

அக்கா காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். சர்க்கரை குறைந்ததும் ஆபரேஷன், வெள்ளிக்கிழமை. என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை: "பால் அடுப்புல இருந்துது, சேகரு. பொங்கிப் போயிருக்கும்."

எப்படி விழுந்தாய் என்றேன்.

"விழலடா. திரும்பினேன். டப்புன்னு உள்ள ஒரு சத்தம். அப்புறம்தான் விழுந்தேன்."

ரெண்டு மாசமாகத் தொடையில் வலியாம். தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாளாம்.

பழக்க தோஷம், கட்டில் கால்மாட்டில் இருந்த கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். "வீட்டில் வழுக்கி விழுந்தார். முந்தைய நோய்கள்: சர்க்கரை மட்டும்."

சர்க்கரை மட்டும்! ஏழு வருஷத்துக்கு முன் புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்தது? ஊருக்கெல்லாம் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொன்னார்கள். தழும்பைக்கூட யாரும் பார்க்கவில்லையா? பார்த்தார்களாம். "கட்டி, சாதாரணக் கட்டி" என்று மாமா சொல்லிவிட்டாராம். எழுதிக்கொண்ட டியூட்டி டாக்டர் அதைக்கூட எழுதவில்லை.

மாமாவை வராந்தாவுக்கு இழுத்துப் போனேன்.

"தையில காயத்ரி கல்யாணம்" என்றார். "இந்த ரூம் வாங்கிக் குடுத்ததே மாப்பிள்ளையோட சித்தப்பா. இங்க ஃபார்மசி மேனேஜர். ஃபைல்ல அந்த வார்த்தை ஏறினா சாயங்காலம் சம்பந்தி வீட்டுல டீயோட பேசுவாங்க. அம்மாவுக்கு வந்தது பொண்ணுக்கும் வருமான்னு கேப்பாங்க. உன் கிளார்க் வேலைய ஆபீஸோட வெச்சுக்க."

கிளார்க். என் கல்யாண ரிசப்ஷனிலும் இதையேதான் சொன்னார், மைக்குக்குப் பக்கத்தில் நின்று. அந்தக் கல்யாணமும் நிலைக்கவில்லை, அது வேறு விஷயம்.

திரும்பி வந்தால் அக்கா என் விரலைப் பிடித்துக்கொண்டாள். காதில் விழுந்திருக்கிறது. "தை வரைக்கும்டா. அவ்வளவுதான்."

நவம்பர் 13, வியாழன்

மழை விட்டுவிட்டு. குடை ஷேர் ஆட்டோவில் போயிற்று.

லிஃப்ட் பக்கம் தரை துடைக்கும் ஆயா: "இன்னா நைனா, நேத்துலேர்ந்து இந்தச் சொவத்தயே மொறச்சிக்கினு கீற? துன்னியா இல்லியா?" சாப்பிட்டேன் என்றேன். "மூஞ்சியப் பாத்தா தெரியல" என்று வாளியை நகர்த்திக்கொண்டு போனாள்.

ஆறரைக்கு சர்ஜன் வந்தார். சின்ன வயசு. கையில் ஃபைல், திறந்த பேனா. மாமா எனக்கு ஒரு முழம் தள்ளி.

நான் கேட்டேன். கடவுளே, என்ன கேட்டேன்!

"முறிவோட காரணத்தைத் தெளிவுபடுத்த முடியுமா, டாக்டர்?"

அதே வாக்கியம். பதினாறு வருஷம் கடல் தாண்டி அனுப்பியது.

"விழுந்ததுதான் சார். இந்த வயசுல எலும்பு பலம் குறையும்." பிறகு நின்றார். "ஏன் கேக்கறீங்க? முன்னாடி வேற ஏதாவது இருந்துதா? கேன்சர், டிபி, எதுவானாலும்?"

நேராகவே கேட்டுவிட்டார். நான் எடுத்துக் கொடுக்க வேண்டிய வார்த்தையை அவரே சொன்னார்.

மாமா: "ஒண்ணுமில்ல டாக்டர்."

சர்ஜன் என்னைப் பார்த்தார்.

நான் "இல்ல" என்றேன்.

டாக்டர்கள் எழுதுவதில்லை என்று எத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன். ஒருத்தர் எழுதத் தயாராக நின்றார்.

ஏன் சொன்னேன்? அக்கா பிடித்த விரல். காயத்ரியின் கல்யாணம். மாமாவிடம் பயம். நாற்பது வயதுகூட ஆகாதவன் டாக்டராக நிற்க, நான் போய்த் தகவல் சொல்லுபவனாக நிற்க வேண்டுமா என்ற எரிச்சல். கடைசியாக எழுதியதுதான் அதிகம் உண்மையோ என்று பயமாக இருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

ஆறு மணிக்கே போனேன், சொல்லிவிடுவது என்று. நர்ஸ் ஸ்டேஷன் வரை போனேன். மாப்பிள்ளையின் சித்தப்பா அங்கே நின்று மாமாவோடு காபி. "வாங்க சார், கவலைப்படாதீங்க, நம்ம டாக்டர்தான்" என்று எனக்கும் ஒரு கப் நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள்.

பத்தேகாலுக்கு சர்ஜன். முகத்தில் மாஸ்க் அடையாளம். "கம்பி போட்டாச்சு. ஆனா துளை போடும்போது எலும்பு ஈர மண்ணு மாதிரி வருது. பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கேன்." பிறகு, "முன்னாடியே சந்தேகம் இருந்திருந்தா ஸ்கேன் எடுத்துட்டு, முதல்ல சாம்பிள் பாத்துட்டு, வேற மாதிரி செஞ்சிருப்பேன். உள்ள கட்டி இருந்தா, கம்பி அதைத் தொடை முழுக்கத் தள்ளிவிட்டிருக்கும்."

மாமா தரையைப் பார்த்தார். நானும்.

நவம்பர் 17, திங்கள்

ஆபீஸ். 26 சார்ட், தப்பு இல்லை. பிரியா பாராட்டினாள். பார்த்தது எதுவும் நினைவில்லை.

நவம்பர் 20, வியாழன்

ரிசல்ட் வந்துவிட்டது. பழையதுதான். எலும்பில். முதுகிலும் இரண்டு இடம். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. மாமா, "தை முடியட்டும்" என்கிறார், இப்போதும்.

நவம்பர் 21, வெள்ளி

வெயில். டிஸ்சார்ஜ்.

சம்மரியை முதலில் வாங்கியது நான். இவ்வளவு ஒழுங்காக எழுதிய சம்மரியை நான் பார்த்ததே இல்லை. புற்றுநோயால் ஏற்பட்ட இடது இடுப்பு முறிவு. எங்கிருந்து பரவியது, எங்கெங்கே, எல்லாம். கேள்வி கேட்க ஒன்றுமே மிச்சம் வைக்கவில்லை. கீழே ஒரு வரி: "ஆபரேஷனுக்கு முன் நோயாளியின் கணவரிடமும் தம்பியிடமும் புற்றுநோய் பற்றி நேரடியாகக் கேட்கப்பட்டது. இருவரும் மறுத்தனர்." தேதி, நேரம், கையெழுத்து.

மாமா பில் கவுண்டரில். அக்கா வீல்சேரில், மடியில் பிளாஸ்டிக் கூடை.

"என்னடா போட்டிருக்கு? படி."

மாத்திரைகளைப் படித்தேன். காலை ஒன்று, இரவு ஒன்று. தையல் பிரிக்கும் நாள். இடது காலை ஊன்றக் கூடாது.

"அவ்வளவுதானா? ரெண்டு பக்கம் இருக்கே."

"மீதியெல்லாம் ஆபீஸுக்கு எழுதறது" என்றேன்.

அக்கா கூடைக்குள் கைவிட்டுக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கையை நீட்டினாள்.