தள்ளிக் கிளப்ப முடியாத கார்

அண்ணே,

திண்டுக்கல்லில் மீட்டர்கேஜ் தண்டவாளத்தைப் பிடுங்கி அகலப் பாதை போட்டார்களே, அந்த வருஷம்தான் நீங்கள் என் பெயரைக் கெடுத்தீர்கள். இன்று காலை பழனி ரோட்டில் ஒரு கார் சத்தமே இல்லாமல் என்னை ஒட்டிப் போயிற்று. கொஞ்ச தூரம் மின்சார மோட்டாரில் ஓடி, அப்புறம்தான் எஞ்சின் முனகியது. உடனே உங்கள் முகம். நீங்கள் செத்துப்போனாலும் என் கோபம் சாகவில்லை. நான் சொல்ல மகள் எழுதுகிறாள்.

ஒட்டன்சத்திரம் தக்காளி மண்டிக்காரரின் ஆட்டோமேட்டிக் கார், நான் கையாளாக இருந்த உங்கள் பட்டறைக்கு வந்தது. கியர்பெட்டிக்கு ஆயில் மாற்ற வேண்டும். "பழைய ஆயில் தண்ணியா, செவப்பா இருந்துச்சேண்ணே" என்றேன். "ஏலே, எனக்கே பாடமா? எல்லாப் பெட்டிக்கும் கெட்டி ஆயில்தான், ஊத்து" என்றீர்கள். ஊற்றினேன். ஊர் எல்லை தாண்டுமுன் பெட்டி போயிற்று. மண்டிக்காரர் வந்து கத்தியபோது தெரு கேட்கச் சொன்னீர்கள்: "இவனுக்கு எழுத்துத் தெரியாதுங்க. டப்பாவ மாத்தி ஊத்திட்டான்."

அதற்கப்புறம் இந்த ஊரில் யாரும் என்னைக் கியர்பெட்டி பக்கமே விடவில்லை. கோயம்புத்தூர் போய், கையால் தடவித் தடவித்தான் கற்றேன். பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார் ஒன்று அடிபட்டு வர, அங்கே பிரித்தார்கள். உள்ளே கியர் மாறுவதே கிடையாது. நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிச் சின்னச் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். எஞ்சினும் இரண்டு மோட்டார்களும் எப்போதும் அதில் கோத்தே கிடக்கின்றன. எஞ்சின் ஓய்ந்தால் மோட்டார் இழுக்கும்.

நாலு வழிச் சாலை போட்ட வருஷம் ஊர் திரும்பினேன். அப்படியொரு கார் உங்கள் பட்டறை வாசலில் செத்து நின்றது.

"ரெண்டாவது கியர்ல போட்டுத் தள்ளுங்கடா!"

"இதுல ரெண்டாவது கியரே இல்லண்ணே" என்றார் டிரைவர்.

"அப்ப இருக்குற கியர்ல போடு. தள்ளுங்கடா அம்புட்டுப் பேரும்!"

தள்ளினால் மோட்டார் சும்மா சுழலும், எஞ்சின் அசையாது. எனக்குத் தெரியும். எதிரே டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலில் நீங்கள் மூன்று தடவை தள்ளவிட்ட பிறகுதான் வந்தேன். பின்னால் சார்ஜ் இறங்கிக் கிடந்த சின்ன பேட்டரிக்கு வேறொரு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து, பொத்தானை அமுக்கினேன்.

"எங்கடா கிளம்புச்சு? சத்தத்தக் காணோம்!" என்று சிரித்தீர்கள். சிரித்த வாய் மூடுமுன் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன்.

திரும்பி வந்து எல்லார் முன்னாலும் கேட்டேன்: "அன்னைக்கு ஆயில் ஊத்தச் சொன்னது யாருண்ணே?"

"வெயில்ல நின்னு என்னடா பழங்கத" என்று உள்ளே போய்விட்டீர்கள். கடைசிவரை சொல்லவில்லை. உங்கள் கருமாதிக்கு நான் வரவில்லை. அங்கேயும் யாரோ என்னை "டப்பா மாத்துனவன்" என்றார்களாம்.

"ஊத்து" என்று நீங்கள் சொன்னதைக் காதால் கேட்டவர்கள் மூன்று பேர். உங்கள் பெயின்டர் போய்விட்டார். வெல்டரும் போய்விட்டார். அன்று வாயே திறக்காத மூன்றாவது ஆளை உங்கள் மகன்கள் முன்னால் நிறுத்திச் சொல்லவைக்காமல் நான் சாகமாட்டேன். இருமிக்கொண்டு கிடந்தாலும் இன்னும் உயிரோடு இருக்கிறார், டயர்க்கடை சவரிமுத்து.