மலையேறாத ஒன்று

கோரிப்பாளையம்,
மதுரை.
திங்கட்கிழமை

அன்புள்ள நல்லகாமன் அண்ணனுக்கு,

தங்கை பாண்டிமீனா எழுதுவது. நாக்பூரில் நீங்களும் அண்ணியும் நலம்தானே? முறுக்குக் கடைக்குப் புது அடுப்பு வாங்கியதாக அண்ணி சொன்னார்கள், சந்தோஷம். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். சில நாளாகப் போனை எடுத்தால் என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

பைபாஸ் ரோட்டு மாடியில் நடக்கிற தியான வட்டத்துக்கு அவர் போவது உங்களுக்குத் தெரியும். மதம் வேறு, ஆன்மிகம் வேறு என்பார்கள் அங்கே. படம் இல்லை, சூடம் இல்லை, கும்பிடுவதற்கு ஒரு பெயரும் இல்லை. மனசைத் திறந்து வைக்க வேண்டும், வருவது வரட்டும், அவ்வளவுதான். குடியை விட்டார், கோபமும் போனது. தெருவே என்னைப் பாராட்டியது, நானும் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தேன்.

ஆனால் சித்திரையிலிருந்து என்னை "நீங்க" என்கிறார். டம்ளர் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். தன் சட்டையையே அடுத்தவர் சட்டை மாதிரி தொட்டுப் பார்க்கிறார். பயமாக இருக்கிறது அண்ணே.

நம் பேரையூர்க் கோயிலில் நீங்கள் பூசாரியாக நிற்கும்போது யார் மேல் சாமி இறங்கினாலும், வந்தது யாரென்று முதலில் கேட்பீர்கள். குறி சொன்னதும் திருநீறு பூசி மலையேற்றி அனுப்பிவிடுவீர்கள். ஆள் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுப் பழையபடி வம்பளப்பார். நீங்கள் போனில் சொன்னபடி போன செவ்வாய் நானும் பூசினேன். வாகாகக் குனிந்து நெற்றியைக் காட்டினார். "பேரு தெரியாம யாரை மலையேத்துறீங்க?" என்று சிரித்தார்.

வட்டத்தை நடத்தும் சரண்யாதேவி அம்மாவிடம் ஓடினேன். வந்ததை எப்படித் திருப்பி அனுப்புவது என்று கேட்டேன். "அனுப்புறதெல்லாம் மதத்துல உள்ள சடங்கும்மா, நமக்கெதுக்கு?" என்றார் அன்பாக. பக்கத்தில் இருந்த அவருடைய கணவரும் சிரித்தார். அதே சிரிப்பு.

திருநீறு யார் சொல்லிப் பூசினீர்கள் என்று பூசிய அன்றே என் வீட்டுக்காரர் கேட்டார். உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து உங்களைப் பற்றித்தான் பேச்சு. எந்த ரயில், எப்போது வருவார் என்று ஓயாமல் கேட்கிறார். நேற்று திடீரென்று பழைய குரலில், "ஏ மீனா, அண்ணனை வரச் சொல்லுடி" என்றார். அந்தக் குரலுக்காக அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். உங்களைக் கூப்பிடப் போனைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, அந்தக் குரலில் உங்களைக் கேட்டது அவர் இல்லை.

போன வாரம் நான்தான் உங்களைப் புறப்பட்டு வரச் சொன்னேன். டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடுங்கள்.

அவர் உள்ளே எங்கேயோதான் இருக்கிறார். இத்தனை வருஷம் கூட இருந்தவரை அங்கே தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் அந்த வட்டத்தில் போய் உட்காரப் போகிறேன்.

நம் கோயில் கருப்பு உங்களையும் அண்ணியையும் காப்பாற்றட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என் குரலில் யாராவது உங்களைக் கூப்பிட்டால், அழுதாலும், எந்தச் சத்தியம் செய்தாலும், வராதீர்கள் அண்ணே.

இப்போது வரைக்கும் உங்கள் தங்கை,
பாண்டிமீனா