இக்காமாவில் ஆடு மேய்ப்பவர்

மாப்ள,

நேற்று ரியாத்தில், பத்தா கடைவீதியில் ஒரு மசாலாக் கடை வாசலில் சாக்கைப் பிரித்து வைத்திருந்தார்கள். காய்ந்த கறுப்பு எலுமிச்சை. அந்தப் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. ஆட்டுக்கறிக் குழம்பில் நீ இரண்டு காயை ஊசியால் குத்திப் போடுவாய். கொதி அடங்கியதும் யாரும் பார்ப்பதற்குள் எடுத்து எறிந்துவிடுவாய். செட்டிநாட்டுக் குழம்பில் அரபுக் காய் கிடந்தது நீ சமைத்த மெஸ்ஸின் முதலாளிக்கே தெரியாது, எனக்குத் தெரியும். "கித்னா சாஹியே, பாய்?" என்று எவ்வளவு வேண்டுமெனக் கேட்டார் கடைக்காரர். ஒன்றும் வாங்காமல் ரூமுக்கு வந்துவிட்டேன்.

நீ செத்துப்போய் ஐந்து மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். "நல்ல வெவரமான பயடா நீ" என்பாய். சொல்லு, கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு என் ரூம் வாசலில் வந்து நிற்பாய். வாரம் முழுக்கச் சமைத்தவன் ஓய்வு கிடைத்தால் எங்கே போவான்? இன்னொருத்தன் சமைத்ததைத் தின்னப் போவான். இந்த ரியாத்தில் பழைய சாப்பாட்டுக் கடை ஒன்றையும் நாம் விட்டுவைக்கவில்லை. ஏமன்காரர் கடையில் தரையில் சம்மணம் போட்டு, கல்சட்டியில் கொதித்துக்கொண்டே வரும் கறிக் குழம்பைத் தின்றோம். மலையாளி டீக்கடையில் முன்பின் தெரியாத நாலு பேரோடு ஒரே மேசையில் பொறாட்டா தின்றோம். புகாரிச் சோறு போடும் கிழவரை உனக்கு ரொம்பப் பிடிக்கும். அவருடைய தாத்தா எங்கோ வடக்கேயிருந்து ஹஜ்ஜுக்கு வந்தவர், திரும்பிப் போக ஊர் இல்லாமல் இங்கேயே அடுப்பு மூட்டிவிட்டாராம். அதைக் கேட்ட அன்று நீ இரண்டாவது தட்டு வாங்கினாய்.

எந்தக் கடைக்குப் போனாலும் சும்மா வைக்கிற வெங்காயத்தையும் ஊறுகாயையும்தான் முதலில் தொடுவாய். "சும்மா குடுக்கறதுல கை எப்படி இருக்குன்னு பாரு மாப்ள. அதுலயே தெரிஞ்சுரும் கட." சொல்லிவிட்டு அடுக்களைக்குள் தலையை நீட்டுவாய். பாஷை தெரியாத சமையல்காரனோடு கையாலேயே பேசி, எதைப் போட்டான், எப்போது போட்டான் என்று தெரிந்துகொண்டு வருவாய்.

நீ வெள்ளிக்கிழமை வாயால் சொன்னதை நான் சனிக்கிழமை ஆபீஸ் கம்ப்யூட்டரில் எழுதினேன். எல்லோரும் வலைப்பதிவு ஆரம்பித்த காலம் அது. எனக்கும் ஒரு புனைபெயர் இருந்தது. 'நாக்கு என்றால் இதுவல்லவா நாக்கு' என்று தம்மாமிலிருந்தும் தோஹாவிலிருந்தும் பின்னூட்டம் போட்டார்கள். உப்பு, காரம் தவிர எனக்கு ஒரு இழவும் தெரியாது என்பது உனக்குத்தான் தெரியும். ஆனால் நான் எழுதுவதையே உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் பாதிப் பெயர் உனக்குப் போய்விடுமே என்ற அற்பத்தனம்தான்.

ஒரு நாள் உன் மெஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தோம். தொழுகைக்கு பாங்கு சொன்னதும் வழக்கம்போல ஷட்டரை இறக்கி, விளக்கைக் குறைத்தார்கள். உள்ளே மாட்டியவர்கள் சத்தம் போடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்த அரை இருட்டில் நீ உன் இக்காமாவை, இந்த நாட்டில் தங்கி வேலை செய்யத் தரும் அட்டையை, எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். தொழில் என்ற இடத்தில் ஆடு மேய்ப்பவர் என்று போட்டிருந்தது. கபீல், அதாவது உனக்கு விசா கொடுத்த அரபி, எங்கேயோ பாலைவனத்துப் பக்கம் இருந்தார். விசா அவருடையது, வேலை இங்கே. பிடித்தால் நேராக ஊர்தான், திரும்பி வர முடியாது.

"ஆட்ட உசுரோட பாத்தே வருசமாச்சு மாப்ள" என்று சிரித்தாய். பிறகு, "இன்னும் ரெண்டே வருசம். மக நர்ஸிங்க முடிச்சுரட்டும். அதுக்கப்பறம் எவன் புடிச்சா என்ன?" என்றாய்.

இங்கே உள்ள கடையெல்லாம் வலைப்பதிவில் எழுதியாகிவிட்டது, உன் மெஸ்ஸை எழுதாமல் இருக்க முடியவில்லை. கறுப்பு எலுமிச்சையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. சமையல்காரனின் தொழில் ரகசியத்தை வெளியே சொல்வது துரோகம் என்று பெரிய மனிதத்தனமாக நினைத்துக்கொண்டேன். அதே கையால் இதை எழுதினேன்: 'இக்காமாவில் இவர் ஆடு மேய்ப்பவர். ஆனால் இவர் கைக்கு வரும் ஆடு எதுவும் மேய்வதில்லை.' எழுதிவிட்டு நானே சிரித்தேன். அந்த இரண்டு வரிக்குத்தான் பின்னூட்டம் அதிகம். மெஸ் பெயரும் இருந்தது, எந்தச் சந்து என்பதும் இருந்தது.

ஒரு மாதத்துக்குள் சோதனைக்காரர்கள் வந்தார்கள். கல்லாவில் நிற்கவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்க்கவில்லை. நேராக அடுக்களைக்குள் போய், "ஆடு மேய்க்கிறவன் எவன்?" என்று அரபியில் கேட்டார்களாம். முதலாளிதான் என்னிடம் சொன்னார். யார் போட்டுக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அவர்களுக்கு எங்கிருந்து தெரிந்தது என்பது எனக்குத் தெரியும்.

ஊருக்கு அனுப்பும்வரை வைத்திருக்கும் இடத்திலிருந்து எனக்குத்தான் போன் செய்தாய்.

"மாப்ள, துணியெல்லாம் அள்ளிக் கொண்டாந்துரு. அப்பறம், நம்மளப் பத்தி எவனோ நெட்டுல எழுதிருக்கானாம்ல, மொதலாளி படிச்சுக் காட்டுனாரு. அத ஒரு பிரிண்ட் எடுத்துட்டு வா. இத்தன வருசம் இங்க சமைச்சேன்னு வேற எந்தக் காயிதத்துல இருக்கு?"

அன்று நான் செய்ததுதான் எல்லாவற்றிலும் கேவலம். பிரிண்ட் எடுப்பதற்கு முன் அந்த இரண்டு வரியையும் அழித்தேன். மேலும் கீழும் இருந்த வாக்கியங்களை ஒட்டுப் போட்டு, சந்தேகம் வராதபடி சரிசெய்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, உதட்டை அசைத்து நீ முழுதும் படித்தாய். பாதியில் ஒரு தடவை நிறுத்தி, திரும்பவும் மேலிருந்து படித்தாய்.

"யாரு எழுதுனது, தெரியுமா?"

"யாரோ தம்மாம்காரன் போல."

"நல்லாத்தான் எழுதிருக்கான்" என்று நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தாய். "சரி, நீ சாப்புட்டியா?" என்றாய். சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்.

போன மாதம் லீவில் உன் வீட்டுக்குப் போனேன். நீ இருக்கும்போது எத்தனை முறை கூப்பிட்டிருப்பாய்! மாலை போட்ட படத்தைப் பார்க்கத்தான் எனக்கு நேரம் கிடைத்தது. உன் சம்சாரம், எனக்குத் தங்கச்சி முறை, காப்பி கொடுத்தது. மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஜவுளிக்கடைக்குப் போகிறது என்று, யாரையும் குறை சொல்லாமல், மழை பெய்யவில்லை என்பதுபோலச் சொன்னது. பிறகு பீரோவிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து வந்தது.

"வர்றவுக போறவுகளுக்கெல்லாம் இதக் காட்டுவாக அண்ணே. ஒரு எடத்துல விட்டுப்போச்சுன்னு இவுகளே எழுதி வச்சிருக்காக, பாருங்க."

நான் அழித்த அதே இடத்தில், வரிக்கு நடுவே, உன் கோணல் எழுத்து. நீலப் பேனா. 'இக்காமாவில் இவர் ஆடு மேய்ப்பவர்' என்று தொடங்கி, இரண்டு வரியும் ஒரு சொல் பிசகாமல் இருந்தது.

"இத எழுதுனது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணே? நானும் எத்தனையோ தடவ கேட்டேன். 'தெரிஞ்ச பயதான், விடு'ன்னுருவாக. பேர மட்டும் கடேசி வரைக்கும் சொல்லவே இல்ல."

ஷட்டருக்குள் அந்த இக்காமாவை நீ என் ஒருவனுக்குத்தானே காட்டினாய். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டபோதே உனக்குத் தெரியும். நான் சொல்லட்டும் என்று எனக்கு ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கிறாய். அது புரிந்த பிறகும், உன் படத்துக்கு எதிரே உட்கார்ந்து, அண்ணன் என்று கூப்பிடும் பெண்ணிடம், "தெரியாதும்மா" என்றேன்.

அந்த 'தெரியாதும்மா'வைத் தூக்கிக்கொண்டுதான் விமானம் ஏறினேன். இங்கே வந்தும் இறக்கி வைக்க முடியவில்லை. அதனால் இந்த மடலை உன் வீட்டுக்கே அனுப்பப் போகிறேன். தங்கச்சி படிக்கட்டும், மகளும் படிக்கட்டும். காறித் துப்பினாலும் சரி.

உறையில் பெறுநர் என்ற இடத்தில் தங்கச்சியின் பெயரை எழுதிவிட்டேன். அனுப்புநர் என்ற இடத்தில் இன்னும் எழுதவில்லை, மாப்ள.