கேட்காமல் திருப்பிய படகு

ஜூலை 6, ஞாயிறு

திகனயில் காலையிலிருந்தே நல்ல காற்று. நீர்த்தேக்கத்தில் எங்கள் கிளப்பின் பாய்ப்படகுப் போட்டி. ரிப்காவும் நானும் இரண்டாவதாக வந்தோம். ஆனாலும் அவள் என்னுடன் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் பின்னால் சுக்கான் பிடிப்பேன், அவள் முன்னால் இருப்பாள். படகைத் திருப்பும்போது பாயின் அடிக்கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீசிக்கொண்டு போகும். அதனால் நான் முதலில் "ரெடியா?" என்று கேட்க வேண்டும். அவள் "ரெடி" என்று சொல்லிக் குனிந்த பிறகுதான் திருப்ப வேண்டும். மூன்று வருடமாக அப்படித்தான். இன்று முன்னால் போன படகைப் பிடிக்கும் அவசரத்தில் கேட்காமலே திருப்பிவிட்டேன். கட்டை அவள் நெற்றியில் அடித்தது.

"நான் என்ன, மணல் மூட்டையா?" என்று கரையில் வைத்துக் கேட்டாள்.

"நீ குனிஞ்சிருக்கணும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூலை 13, ஞாயிறு

ரிப்கா வரவில்லை. காய்ச்சலாம். வீம்புதான். நானும் பேசப் போவதில்லை.

ஜூலை 17, வியாழன்

டெங்கு. ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். கிளப்பில் படகுகளைப் பார்த்துக்கொள்பவர் அப்பாதான், அவருக்குத்தான் செய்தி வந்தது. "இப்ப யாரையும் உள்ள விடமாட்டாங்க சுபா. ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போறேன்" என்கிறார்.

மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதிவிட்டேன். மூன்று பக்கம். "இது கடிதமா, கட்டுரையா?" என்று கேட்பாள்.

ஜூலை 19, சனி

ரிப்கா இல்லை.

ஜூலை 21, திங்கள்

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய உம்மா, கைரியா ஆன்ட்டி, என் கையை விடவே இல்லை. "ஒங்கட கூட்டாளி போய்ட்டா மகள்." கடிதம் என் பையிலேயே இருந்தது. இன்னும் இருக்கிறது.

டெங்கு நுளம்பு கடித்து வருவது. தெரியும், படித்திருக்கிறேன். அந்த அடிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. ஆனா அவ கோவத்தோடயே போய்ட்டாளே. நான் என்ன செய்ய?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு கிளப்பில் இறந்தவர்களை நினைக்கும் நாள். ஒவ்வொரு பெயராக வாசிப்பார்கள். அவரோடு ஒரே படகில் போனவர் எழுந்து "தண்ணியில" என்று பதில் சொல்வார். பிறகு அந்த வருடம் இறந்தவரின் படகு, அவருடைய இடம் வெறுமையாக, மஞ்சள் மிதவையை ஒரு தடவை சுற்றி வரும்.

ஆளுக்கு இரண்டு வரி நான் எழுத வேண்டுமாம். தலைவர் ஹாஷிம் அங்கிள் சொல்லிவிட்டார். "நீதானே புத்தகப் புழு."

லியோன் அங்கிள்: பாயைத் தைத்தால் கிழிந்த இடம் தெரியாது. தன் சட்டையில் மட்டும் பொத்தான் இருக்காது.

சண்முகநாதன் ஐயா: காற்று நின்றால் அதைப் பெயர் சொல்லித் திட்டுவார். அந்தப் பெயர்களை இங்கே எழுத முடியாது.

ரிப்கா:

ஆகஸ்ட் 16, சனி

கைரியா ஆன்ட்டியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். 

"நெத்தி கதவுல இடிச்சதெண்டுதானே அவ சொன்னா" என்றார். "உள்ளதச் சொன்னா நான் தண்ணிக்கு விடமாட்டேனெண்டு அவக்குத் தெரியும்."

எழுந்து உள்ளே போனார். திரும்பி வரவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் எடுத்தேன்.

என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை அவள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எழுதிய இரண்டு வரியை எல்லோர் முன்னாலும் வாசித்தேன். "ரிப்கா: கேட்ட ஒவ்வொரு தடவையும் ரெடி என்று சொன்னாள். ஒரு தடவை நான் கேட்கவில்லை." அவள் பெயருக்கு "தண்ணியில" என்று நான்தான் சொன்னேன்.  

அப்பா படகைத் தண்ணீரில் இறக்கும்போது கைரியா ஆன்ட்டி வந்தார். தண்ணீர்ப் பக்கமே வராதவர். ரிப்காவின் மிதவைச் சட்டையை அபாயா அங்கியின் மேல் மாட்டியிருந்தார்.

"அந்த இடத்துல யாரும் இருக்கக் கூடாது, கைரியா" என்றார் ஹாஷிம் அங்கிள் மெதுவாக.

"அது என்ட மகள்ட இடம்."

 அப்பா கை கொடுத்து ஏற்றிவிட்டார். நான் பின்னால் சுக்கானைப் பிடித்தேன். மிதவை வரைக்கும் ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

மிதவை வந்துவிட்டது.

"ரெடியா?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நான் என்ன சொல்லணும் மகள்?"

"ரெடின்னு சொல்லணும் ஆன்ட்டி. சொல்லிட்டுக் குனியணும்."

காற்று பாயை இழுத்துக்கொண்டே இருந்தது. மிதவையைத் தாண்டிப் போய்விட்டோம். நான் திருப்பவில்லை, காத்திருந்தேன்.

"ரெடி" என்றார். தேவைக்கும் அதிகமாக, நெற்றி முழங்காலில் படும்வரை குனிந்தார்.

அதன் பிறகுதான் திருப்பினேன்.